போட்டுக்குள்ள தண்ணி நிக்குதுன்னு சொன்னியே, அதப் பத்தி

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பின வீடியோவ ரெண்டு மூணு தடவ ஓட்டிப் பாத்தேன்மா. இஞ்சின் மூடியத் தூக்குனா கீழ பில்ஜ்ல, அதான் போட்டோட அடிக்குழில, தண்ணி நிக்குது, மாப்பிள்ளை ஸ்விட்ச்சப் போட்டதும் பம்ப் ஓடி வெளிய ஊத்துது, அவரும் "பாத்தீங்களா மாமா, எல்லாம் ஒர்க் ஆகுது"ன்னு சந்தோஷமா சொல்றாரு. பம்ப் ஓடுது, சரி. ஆனா காலைல காலி பண்ணினது சாயங்காலத்துக்குள்ள திரும்ப நிக்குதுன்னா அது எங்க இருந்து வருதுன்னு ரெண்டு பேருமே தேடல போல இருக்கே. போன்ல சொன்னா பாதி மறந்துருவீங்கன்னு தான் எழுதறேன், அவருக்கும் படிச்சுக் காட்டு, மாமனார் குத்தம் சொல்றாருன்னு நெனைக்க வேண்டாம்னு சொல்லு.

நாங்க கப்பல்ல இஞ்சின் ரூம்ல ஒவ்வொரு வாட்ச்லயும், அதாவது ஒவ்வொரு ஷிஃப்ட்லயும், பில்ஜ் எவ்வளவு ஏறிருக்குன்னு பாப்போம், வழக்கத்த விட கூடிருந்தா பம்பப் போட்டு மறைக்க மாட்டோம், எந்த பைப்பு எந்த சீல்னு டார்ச்ச எடுத்துட்டு எறங்கிருவோம். அங்க உப்பா இல்லையான்னு நாக்குல வெச்சுப் பாத்தாலே கடல் தண்ணியா குடிதண்ணி பைப்பான்னு தெரியும். உங்க கனடா சிம்கோ ஏரில எல்லாமே நல்ல தண்ணி, அந்த வழி ஆகாது. அதனால பில்ஜ நல்லா தொடச்சுக் காய விட்டு, அங்கங்க டிஷ்யூ பேப்பர் விரிச்சு வை. மழை இல்லாத ராத்திரி சும்மா கட்டிப் போட்டதுலயே நனஞ்சா தண்ணி மட்டத்துக்குக் கீழ எங்கயோ ஓட்டை. மழைக்கப்புறம் மட்டும் நனஞ்சா மேல போட்ட கவர்ல குழி விழுந்து உள்ள எறங்குது. இஞ்சின் ஓடுனா மட்டும் நனஞ்சா கூலிங் தண்ணி ஹோஸ், கிளாம்ப், இல்ல ஏரித்தண்ணி இழுக்கற பம்போட சீல்.

என் சந்தேகம் பெல்லோஸ் மேல தான். உங்களுது ஸ்டெர்ன் டிரைவ், இஞ்சின் உள்ள, ப்ரொப்பெல்லர் மாட்டின டிரைவ் வெளிய, நடுவுல ஷாஃப்ட் போற எடத்துல கொல்லன் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பா ஒரு ரப்பர் இருக்கும், அது தான் பெல்லோஸ். வெயில்லயும் குளிர்லயும் அது காஞ்சு போய் மடிப்போட அடிப்பக்கமா வெடிக்கும், நேரா பாத்தா தெரியாது. டிரெய்லர்ல ஏத்தினப்புறம் டிரைவ மேல தூக்கி, ஸ்டியரிங்க ஒரு பக்கமா முழுசா ஒடிச்சு, மடிப்ப வெரலால விரிச்சு டார்ச் அடிச்சுப் பாரு, மயிரிழை மாதிரி கோடு தெரிஞ்சாலே மாத்திரணும், அதுல டேப்பு ஒட்டறது பசை பூசறது எல்லாம் வேண்டாம். திரும்பும்போது பின்னாடி கரகரன்னு சத்தம் வருதான்னும் கேளு, பெல்லோஸ் வழியா தண்ணி போனா உள்ள ஷாஃப்டத் தாங்கற கிம்பல் பேரிங்கும் துரு புடிக்கும். இன்னொரு வழியும் இருக்கு, டிரெய்லர்ல நிக்கும்போதே தண்ணி வடியற ஓட்டைய அடைக்கற ட்ரெய்ன் பிளக்கப் போட்டுட்டு தோட்டத்து ஹோஸால பில்ஜுக்குள்ள கொஞ்சமா தண்ணி விடு, ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நல்லா கீழயே நிறுத்திரு, வெளிப்பக்கத்த தொடச்சுட்டு உக்காந்து பாத்தா கசியற எடம் தானா ஈரம் காட்டும்.

பம்ப் இருக்கேன்னு தைரியமா இருக்காதீங்க. ஒரு அடி ஆழத்துல ஒரு இஞ்ச் ஓட்டை இருந்தா நிமிஷத்துக்கு 40ல இருந்து 70 லிட்டர் வரை உள்ள வரும். பெட்டில மணிக்கு 1100 கேலன்னு (அமெரிக்க கேலன்) போட்ட பம்ப்னா மணிக்கு 4160 லிட்டர், அதாவது நிமிஷத்துக்கு 69 லிட்டர், அதுவும் ஹோஸே மாட்டாம டெஸ்ட் பண்ணின கணக்கு, மேல தூக்கி வளைஞ்சு நெளிஞ்சு போற ஹோஸ்ல அதுல பாதி வந்தாலே பெருசு. பேட்டரி தீந்தா அதுவும் இல்ல. தண்ணி ஏறினா மெதந்து பம்ப தானா ஓட விடற ஃப்ளோட் ஸ்விட்ச்ச கையால தூக்கிப் பாரு, குப்பை சிக்கி நின்னுருக்கும். அதோட வயரு மெயின் ஸ்விட்ச்சுக்குப் போகாம ஃபியூஸ் வழியா பேட்டரிக்கே நேரா போகணும், அப்பத்தான் நீங்க வீட்ல தூங்கறப்பவும் ஓடும். வயரு ஜாயின்ட்ட தண்ணி தொடாத ஒசரத்துல வைக்கச் சொல்லு, பில்ஜ்ல கெடந்தா பச்சை புடிச்சு செத்துரும்.

ஓட்டும்போது பின்பக்கம் கனத்து, எழும்ப நேரமாகி, திரும்பினா ஒரு பக்கமா சாஞ்சு நின்னா அது தண்ணி வேலை தான். நூறு லிட்டருன்னா நூறு கிலோ, அதுவும் சாயற பக்கமே ஓடற நூறு கிலோ.

தண்ணி மேல எண்ணெய் மினுமினுப்பு இருந்தா பம்பப் போடாதீங்க, அது ஏரிக்குப் போகக்கூடாது, சட்டப்படியும் தப்பு. கப்பல்லயே 15 பிபிஎம்முக்கு மேல, அதாவது பத்து லட்சத்துல 15 பங்குக்கு மேல, எண்ணெய் இருந்தா கடல்ல விட முடியாது. எண்ணெய் உறிஞ்சற வெள்ளை பேட் கடைல கெடைக்கும், போட்டு எடுங்க. சோப்பு ஊத்தினா எண்ணெய் மறையும், போகாது. பெட்ரோல் வாசனை வந்தா விளையாட்டே வேண்டாம், அந்த ஆவி காத்த விட கனம், பில்ஜுக்குள்ளயே தங்கும். அதனால ஸ்டார்ட் பண்ணறதுக்கு முன்னாடி எப்பவுமே உள்ள இருக்கற ஆவிய வெளிய தள்ளற ஃபேன், அந்த ப்ளோயர 4 நிமிஷம் ஓட விட்டு, மூடியத் திறந்து மோந்தும் பாருங்க. வீட்டு வாக்கும் கிளீனர வெச்சு அந்தத் தண்ணிய உறிஞ்சாதீங்க, தீப்பிடிக்க அதோட மோட்டார் பொறி ஒண்ணு போதும்.

ட்ரெய்ன் பிளக் விஷயம் மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் சொல்றேன். ஏரிக்குள்ள எறக்கறதுக்கு முன்னாடி போடணும், வெளிய எடுத்ததும் கழட்டி வடிய விடணும், ஜீப்ரா சிப்பி மாதிரி சனியன் ஒரு ஏரில இருந்து இன்னொரு ஏரிக்குப் போகக்கூடாதுன்னு ஒண்டாரியோல 2022 ஜனவரில இருந்து இது சட்டம். பிளக்க சாவியோட சேத்து ஒரே கயித்துல கட்டி வெச்சா மறக்காது. இஞ்சினுக்குள்ள நிக்கற கூலிங் தண்ணியையும் வடிய விடாம விட்டா குளிர்காலத்துல உறைஞ்சு விரியும், இஞ்சின் பிளாக்கே வெடிக்கும், அந்த செலவுக்கு இன்னொரு பழைய போட்டே வாங்கலாம். கையால இறைக்க ஒரு டப்பாவும் வெச்சுக்கோங்க, கனடால சின்ன போட்டுக்கு அது இல்லன்னா கைப்பம்ப் இருக்கணும், டப்பான்னா 750 மில்லியாவது புடிக்கணும்.

பெல்லோஸ் போட்டோ பகல் வெளிச்சத்துல எடுத்து அனுப்பு, டிரைவோட ரெண்டு பக்கமும். அதப் பாக்காம இந்த சனிக்கிழமை பேரனக் கூட்டிட்டு எறங்காதீங்க. அம்மா அவனுக்கு லைஃப் ஜாக்கெட் அளவு சரியா இருக்கான்னு கேக்கறா.

அப்பா