எங்களுக்கு என்ன தெரியலன்னு முதல்ல கேட்டவங்களுக்கு நன்றி

பாசனப் பயிற்சி குடுத்த சார், மேடம், டெக்னீஷியன் தம்பிங்க எல்லாருக்கும் வணக்கம். அறுவடை முடிஞ்சு இப்பதான் கை ஓஞ்சுது, அதான் லேட்டு.

இதுக்கு முன்னாடியும் பயிற்சிக்குப் போயிருக்கேன். ஹால்ல உக்கார வச்சு ஸ்லைடு ஓட்டி சர்டிபிகேட் குடுத்து அனுப்பிடுவாங்க, வயலுக்கு வந்து மடையைத் திறந்தா மறுபடி பழைய கதைதான். நீங்க பாடம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எங்ககூட வரப்புல நடந்தீங்க, வாய்க்கால்ல முதல்ல தண்ணி வாங்கற தலைமடைக்காரங்ககிட்ட தனியா, கடைசியில வாங்கற கடைமடைக்காரங்ககிட்ட தனியா உக்காந்து கேட்டீங்க, ரெண்டு பேரும் கத்துக்க வேண்டியது வேற வேறன்னு அப்பதான் எங்களுக்கே உறைச்சுது. பொம்பளைங்களும்தான் தண்ணி பாய்ச்சறாங்கன்னு கவனிச்சு அவங்களுக்குத் தோதா வகுப்பு நேரத்தை மாத்துன அக்காவுக்கு தனியா ஒரு கும்பிடு.

நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும்னு காலங்காலமா கேட்ட பேச்சுதான், ஆனா எவ்வளவு காயவிடலாம்ங்கறதுலதான் பயமே. ஓட்டை போட்ட பைப்பை வயல்ல பதிச்சு, அதுக்குள்ள தெரியற தண்ணி தரைக்குக் கீழ 15 செ.மீ. இறங்குனப்புறம் பாய்ச்சுனா போதும்னீங்க. மேல மண்ணு மயிரிழையா வெடிச்சிருந்துச்சு, எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது, நீங்க குனிஞ்சு பைப்புக்குள்ள ஸ்கேலை விட்டு தண்ணி 11 செ.மீ. கீழதான் இருக்குன்னு காட்டி, வேருக்கு இன்னும் ஈரம் இருக்கு பாருங்கன்னு சொன்னீங்க. பூக்கற சமயத்துல மட்டும் இந்த வேலை வேணாம், 5 செ.மீ. தண்ணி நிக்கணும்னு அத்தனை தடவை சொன்னதையும் மறக்கல.

அப்புறம் சொட்டுநீர். மணிக்கு 4 லிட்டர் டிரிப்பர்னா 15 நிமிஷத்துல 1 லிட்டர் விழணும், அளந்து பாத்தா கடைசி செடிகிட்ட அரை லிட்டர் தேறல. டிரிப்பரையே மாத்தணும்னுதான் நான் இருந்தேன், தம்பி லேட்டரல் (டிரிப்பர் மாட்டுன சின்னக் குழாய்) முனையைக் கழட்டி விட்டதும் பாசியும் சேறுமா கறுப்பா பீச்சிக்கிட்டு வந்துச்சு பாருங்க! பில்டருக்கு முன்னாடி பின்னாடி இருக்கற பிரஷர் கேஜ்ல வித்தியாசம் 0.5 கிலோ (ஒரு சதுர செ.மீ.க்கு) தாண்டுனா பில்டரைக் கழுவிடணும்னு இப்ப வீட்ல எல்லாருக்கும் தெரியும்.

பயிற்சி முடிஞ்சதும் விட்டுடாம பயிர் நடுவுல ரெண்டு தடவை திரும்பி வந்தீங்களே, அதுக்குத்தான் பெரிய நன்றி. ஏன்னா சந்தேகம் வர்றதே வீட்டுக்குப் போய் தனியா செய்யும்போதுதான்.

ஒரு வேண்டுகோள், மதகு திறக்கறவங்களுக்கும் பம்ப் ஆபரேட்டருங்களுக்கும் இதே மாதிரி ஒரு பயிற்சி வைங்க. முறைப்படி தண்ணி வந்தாதான் கடைமடையில நாங்க கத்துக்கிட்டதைச் செய்ய முடியும். பைப்பை கழுவி பத்திரமா வச்சிருக்கேன், அடுத்த நடவுக்கு எந்த இடத்துல பதிக்கணும்னு நீங்களே வந்து பாத்துச் சொல்லுங்க.