ஜாம்பி படத்துக்குப் பணம் வேண்டாம், தெரு வேண்டும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறைந்த செலவில் எடுக்கப்படும் ஜாம்பி படங்களை, அதாவது செத்தவர்கள் எழுந்து வந்து மனிதரைக் கடித்துத் தின்னும் திகில் படங்களைப் பற்றித் தங்கள் இதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். காசில்லாதவர்கள் கைக்குக் கிடைத்ததைக் கொண்டு ஒப்பேற்றும் இந்தப் படங்களை, நல்ல சினிமா பார்த்துப் பழகாதவர்கள்தான் கொண்டாடுகிறார்கள் என்ற பொருளில் கட்டுரையாளர் எழுதியிருந்தார். அதை நான் முற்றிலும் மறுக்கிறேன். இந்தப் படங்களுக்கு உலகெங்கும் விடாப்பிடியான ரசிகர்கள் இருப்பதற்கு அவற்றின் சிக்கனமே காரணம் என்பதும், பணம் ஏற ஏற அவை தரும் அச்சம் குறைந்துபோகிறது என்பதும் பல ஆண்டுகளாக இவற்றைத் தேடித் தேடிப் பார்த்துவரும் என்னுடைய உறுதியான கருத்து.

இன்றைய ஜாம்பி படங்களுக்கு மூலமான படத்தை எடுத்துக்கொள்வோம். 1968-இல் வெளிவந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தை ஜார்ஜ் ரொமேரோவும் அவருடைய நண்பர்களும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரை ஒட்டிய ஊர்ப்புறத்தில் ஏறத்தாழ 1,14,000 டாலர் செலவில் எடுத்தார்கள். அதுவரை விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த அவர்களுக்குப் பின்னால் ஹாலிவுட்டின் எந்த ஸ்டூடியோவும் இல்லை. கதை நடக்கும் பண்ணை வீடு, எப்படியும் இடிக்கப்பட இருந்ததால் அவர்களுக்குக் கிடைத்த வீடு. படம் கறுப்பு வெள்ளை என்பதால் ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப்பே போதுமானதாக இருந்தது. பிணங்கள் கடித்துத் தின்னும் இறைச்சியும் குடலும், படத்தில் பங்கெடுத்த இறைச்சிக் கடைக்காரர் ஒருவர் கொடுத்தவை. தயாரித்தவர்களே நடித்தார்கள், நடித்தவர்களே ஒப்பனையும் செய்தார்கள், பின்னணி இசையோ ஏற்கெனவே பதிவாகி விற்பனைக்கு இருந்த தொகுப்புகளிலிருந்து எடுத்துச் சேர்க்கப்பட்டது. இப்படி எடுக்கப்பட்ட படத்தைத்தான் காலத்துக்கும் பாதுகாக்கத் தக்கது என்று 1999-இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள்.

அந்தப் படத்தின் வலிமை அதன் வறுமையிலிருந்து வருகிறது என்று நான் சொல்வது உணர்ச்சிவசப்பட்ட பேச்சு அன்று. படத்தில் பிரபலமான முகம் ஒன்றுகூட இல்லாததால், யார் பிழைப்பார், யார் சாவார் என்று பார்ப்பவரால் ஊகிக்கவே முடிவதில்லை. வெளிச்சம் குறைந்த, சற்றே சொரசொரப்பான அந்தக் கறுப்பு வெள்ளைப் பிம்பம், அக்காலத்துத் தொலைக்காட்சிச் செய்தியைப் பார்ப்பதுபோன்ற ஒரு நிஜத்தன்மையைத் தருகிறது. டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகர் ஏற்ற முதன்மைப் பாத்திரம், இரவு முழுவதும் பிணங்களிடமிருந்து தப்பிப் பிழைத்து, விடிந்ததும் மீட்க வந்த துப்பாக்கிக் கூட்டத்தாலேயே பிணம் என்று கருதிச் சுட்டுக் கொல்லப்படுகிறது. இந்த முடிவை மாற்றித் தரும்படி விநியோக நிறுவனம் ஒன்று கேட்டபோது படத்தை எடுத்தவர்கள் இணங்கவில்லை. கோடிகளைக் கொட்டியவர்கள் அந்த இடத்தில் மறுத்திருப்பார்களா என்பதைக் கட்டுரையாளர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்தப் படம் ஊர் ஊராகப் பரவியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதலில் வேறு பெயர் சூட்டப்பட்டிருந்த அதற்கு விநியோகஸ்தர்கள் புதுப் பெயர் வைத்தபோது, தலைப்பு அட்டையோடு சேர்த்துக் காப்புரிமை அறிவிப்பும் விடுபட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அறிவிப்பு இல்லையென்றால் உரிமையும் இல்லை. எடுத்தவர்களுக்கு அது பெரும் நட்டம். ஆனால் யார் வேண்டுமானாலும் திரையிடலாம், பிரதி எடுத்து விற்கலாம் என்றானதால், நள்ளிரவுக் காட்சிகளிலும் தொலைக்காட்சியிலும் வீடியோ கேசட்டிலும் அது தலைமுறை தலைமுறையாகக் கைமாறிக்கொண்டே வந்தது. எங்கள் பக்கத்தில் அந்த வேலையைச் செய்தது பர்மா பஜார். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே அந்தச் சின்னஞ்சிறு கடைகளில் அட்டைப்படத்தைப் பார்த்தே டிவிடி வாங்கி, தெருவில் யார் வீட்டில் பிளேயர் இருக்கிறதோ அங்கே கூடிப் பார்த்த ஒரு தலைமுறை வடசென்னையில் இருக்கிறது. விளம்பரம் எதுவும் இல்லாமல், ஒருவர் பார்த்து அடுத்தவரிடம் சொல்லி வளர்ந்த ரசனை அது. கல்ட் படம், அதாவது விடாப்பிடியான ரசிகர்கள் பல காலம் கொண்டாடும் படம், இப்படித்தான் உருவாகிறதே தவிர, யாரோ சிலர் கூடி முடிவு செய்து உருவாவதில்லை.

மோசமாக இருப்பதற்காகவே சில படங்கள் கொண்டாடப்படுகின்றன என்பதைக் கட்டுரையாளர் சுட்டியிருந்தார். அது உண்மைதான். அட்டைக் கல்லறைகள் ஆடுவதைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே கூடும் கூட்டம் இருக்கிறது. எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடில்லை, ஏனென்றால் இல்லாதவனுடைய முயற்சியைப் பார்த்து இருப்பவன் சிரிக்கும் சிரிப்பு அதில் கலந்திருக்கிறது. ஆனால் பிரிட்டனில் மார்க் பிரைஸ் வெறும் 45 பவுண்டு செலவில் எடுத்ததாகச் சொல்லப்படும் 'காலின்' படத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சிரிக்கவில்லை. கடிபட்டு ஜாம்பியாகிவிட்ட ஓர் இளைஞனின் பின்னாலேயே செல்லும் அந்தப் படத்தில், அவன் மேல் நமக்கு இரக்கம் பிறக்கிறது. ஜப்பானில் ஷினிசிரோ உவேதா 30 லட்சம் யென்னில் எடுத்த 'ஒன் கட் ஆஃப் தி டெட்' இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. முதல் 37 நிமிடங்கள் வெட்டே இல்லாமல் ஓடும் ஒரே காட்சி; அதில் நாம் பிழை என்று நினைத்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் எத்தனை பேருடைய பாடு இருந்தது என்பதை மீதிப் படம் காட்டுகிறது. பெயர் தெரியாத நடிகர்களைக் கொண்ட அந்தப் படம் தன் நாட்டில் 300 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது.

தமிழில் நிலைமை வேறு. 2016-இல் வந்த 'மிருதன்' தமிழின் முதல் ஜாம்பி படம் என்ற அறிவிப்போடு வெளியானது. முயன்றவர்களை நான் மதிக்கிறேன். ஆனாலும் பெரிய நாயகன் ஒருவர் நடிக்கும்போது, அவருக்கு ஒன்றும் ஆகாது என்ற தைரியம் நமக்கு முதல் காட்சியிலேயே வந்துவிடுகிறது. பாட்டும் காதலும் தமக்குரிய இடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்கின்றன. ஜாம்பி கதைக்கு உயிரே, கூட்டத்துக்கு முன்னால் தனிமனிதன் எவனும் பெரியவன் அல்லன் என்பதுதான். நட்சத்திரத்தை நம்பி நடக்கும் தொழிலுக்கு இந்தக் கதை எந்நாளும் பொருந்தாது.

சிறு முதலீட்டில் எடுப்பவர்களுக்கு அது பொருந்துகிறது என்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். பழைய வண்ணாரப்பேட்டையில் நான் குடியிருக்கும் சந்தில் சில இளைஞர்கள் சென்ற ஆண்டு கைபேசியில் ஒரு ஜாம்பி குறும்படம் எடுத்தார்கள். ரத்தத்துக்குச் சர்க்கரைப் பாகில் சிவப்பு கேசரி பவுடரைக் கலந்தார்கள். தெருவிளக்கில் அது ரோஸ்மில்க் நிறத்தில் தெரிந்ததால், காபித்தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் கையில் பூசிக் கேமராவில் பார்த்து, நிறத்தைப் பிடித்தார்கள். பசையில் நனைத்த டிஷ்யூ பேப்பரைக் கன்னத்தில் அடுக்கடுக்காக ஒட்டிக் காயவிட்டு, நடுவில் நகத்தால் கிழித்து உள்ளே அந்தப் பாகை ஊற்றினால் அசல் காயம். பாகு என்பதால் நடு இரவில் எறும்பு மொய்த்தது. நடித்தவர்கள் அசையாமல் பொறுத்துக்கொண்டார்கள். தண்ணீர் லாரி வந்துவிட்டால் சந்தில் குடங்கள் வரிசைகட்டிவிடும் என்பதால், அதற்குள் எல்லாவற்றையும் எடுத்து முடிக்க வேண்டியிருந்தது.

பிணங்களாக நடந்தவர்கள் எல்லாரும் எங்கள் தெருக்காரர்கள். காசிமேட்டில் மீன் வாங்கி வந்து விற்கும் அக்கா ஒருவர், "எனக்கும் கொஞ்சம் ரத்தம் பூசுப்பா தம்பி" என்று தாமாகவே வந்து நின்றார். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவர், இடது தோளைத் தாழ்த்திக் காலை இழுத்து நடந்த நடையை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இரவு வேலை முடித்து வருகிறவர்களின் நடையை அவர் நாள்தோறும் பார்க்கிறார். மூடிக் கிடந்த பின்னி மில்லில் பெரிய படங்கள் பலவற்றின் படப்பிடிப்பு நடந்திருக்கிறது. அவற்றில் எங்கள் பகுதி ஆட்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது அடியாள் வேடம், இல்லையென்றால் கூட்டத்தில் ஒரு தலை. இந்தக் குறும்படத்தில் கூட்டம்தான் கதாநாயகன். வடசென்னை என்றால் கத்தியும் கஞ்சாவும் என்று எடுத்தே பழகிய கண்களுக்கு, இதே சந்தில் வேறொரு கதை இருக்கிறது என்று எங்கள் பிள்ளைகள் காட்டியதில் எனக்குப் பெருமை உண்டு.

அதைத் திரையிட அருகில் ஒரு மண்டபத்தைக் கேட்டபோது, பிணப் படம் என்ற ஒரே காரணத்துக்காக மறுத்துவிட்டார்கள். அகஸ்தியா திரையரங்கமும் 2020-இல் மூடப்பட்டுவிட்ட நிலையில், இப்படிப்பட்ட முயற்சிகளைப் பத்துப் பேர் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க எங்கள் பகுதியில் இடமில்லை. கைபேசித் திரையில் தனியாகப் பார்த்தால் இந்தப் படங்களின் சுவையில் பாதி போய்விடும். பக்கத்து இருக்கைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொள்வதைக் கேட்டபடி பார்க்க வேண்டியவை இவை.

குழந்தைகளைப் பற்றிக் கட்டுரையாளர் தெரிவித்த கவலையை மட்டும் நான் ஏற்கிறேன். அமெரிக்காவில் வயதுவாரித் தரச் சான்று முறை 1968 நவம்பரில்தான் வந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன் வெளியான ரொமேரோவின் படத்தைப் பகல் காட்சியில் சிறுவர்கள் பார்த்து அரண்டுபோனார்கள் என்பது வரலாறு. நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ சான்றிதழே 7, 13, 16 என்று வயது வாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. எது யாருக்கு உரியது என்பதைப் பெற்றோர் அந்தச் சான்றைப் பார்த்து முடிவு செய்யட்டும். அதற்காக ஒரு வகையையே கீழ்த்தரம் என்று ஒதுக்குவது நியாயமன்று.

தாங்கள் மாதந்தோறும் குறும்பட விமர்சனத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குகிறீர்கள். அதில் இதுவரை காதலும் குடும்பமும் பேசும் படங்களையே பெரும்பாலும் காண்கிறேன். திகில் குறும்படங்களையும், குறிப்பாக வடசென்னை, எண்ணூர், திருவொற்றியூர் பகுதிகளில் கைக்காசைப் போட்டு எடுக்கப்படுபவற்றையும், இந்த வகையை அறிந்த ஒருவரைக் கொண்டு விமர்சிக்கச் செய்யுமாறு வேண்டுகிறேன். குறை இருந்தால் கடுமையாகவே எழுதட்டும்; செலவைப் பார்த்து எடை போடாமல் படத்தைப் பார்த்து எழுதட்டும். எங்கள் தெருப் பிள்ளைகளின் குறும்படத்தை அவர்கள் அனுமதியோடு தங்கள் அலுவலக முகவரிக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பழைய வண்ணாரப்பேட்டை,
சென்னை - 600 021.