செயலாளர் அறிக்கை 2024–25: அருங்காட்சியகம், தொழிற்கூடம், வரலாற்று நடை

அவைத் தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, மன்றத்தின் பெரியவர்களே, இவ்வாண்டு புதிதாகச் சேர்ந்திருக்கும் இளைய நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் திருச்சி மன்றம் ஆற்றிய பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆகவே பணத்தைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை.

சென்ற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் நிறைவேற்றினோம். ஒரு பயணத்தில் ஓர் இடம், மிஞ்சிப் போனால் இரண்டு; புறப்படுவதற்கு முந்தைய வாரம் அந்த இடத்தைப் பற்றி ஓர் உறுப்பினர் மன்றத்தில் பேச வேண்டும்; போன இடத்தில் அங்கேயே வேலை செய்கிறவர் வாயால் கேட்க வேண்டும். ‘வேன் வாடகை கொடுத்துவிட்டு ஒரே இடத்தைப் பார்த்துத் திரும்புவதா’ என்று அன்று கேட்ட உறுப்பினர்கள் உண்டு. இந்த அறிக்கையை அவர்களுக்கான பதிலாகவே எழுதியிருக்கிறேன்.

முதலில் புதுக்கோட்டை. திருக்கோகர்ணத்தில் இருக்கும் அரசு அருங்காட்சியகம் 1910இல், தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானக் காலத்தில் தொடங்கப்பட்டது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்த பிறகு அரசின் பொறுப்புக்கு வந்தது. தமிழ்நாட்டின் அரசு அருங்காட்சியகங்களில் எழும்பூருக்கு அடுத்த பெரியது இதுதான். திருச்சியிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இருந்தும் நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் அதை அதுவரை பார்த்ததில்லை.

பாடம் செய்யப்பட்ட விலங்குகள், பாறை மாதிரிகள், படைக்கலங்கள், கற்சிற்பங்கள் என்று அங்கே ஒரு நாள் முழுக்கப் பார்க்கலாம். நம் குழு நெடுநேரம் நின்ற இடம் ஒரு செப்புக்காசின் முன். அம்மன் காசு. சிறு விரல் நகத்தளவுதான் இருக்கும். ஒரு பக்கம் பிரகதாம்பாள் அமர்ந்திருக்கிறாள். மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்று பொறித்திருக்கிறது. நவராத்திரியின்போது அரிசி தானத்தோடு இந்தக் காசையும் சமஸ்தானத்தில் வழங்கி வந்தார்கள். காசில் இருக்கும் அம்மன் குடியிருக்கும் கோயில் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காசைப் பார்த்துவிட்டுக் கோயிலுக்கு நடந்தோம். தமிழ் பேசும் நாட்டின் காசில் தெலுங்கு எழுத்து ஏன் என்று பள்ளி மாணவி ஒருத்தி கேட்டாள். நாயக்கர் காலத்து அரசவைகளில் தெலுங்குக்கு இருந்த இடத்தைப் பற்றி மூத்த உறுப்பினர் ஒருவர் அவளுக்குச் சொல்லத் தொடங்கினார். அந்தப் பேச்சு கோயில் வாசல் வரை நீண்டது. அவசரமாக வந்து, படம் எடுத்துக்கொண்டு, அடுத்த ஊருக்கு ஓடியிருந்தால் அந்தக் கேள்விக்கே இடம் இருந்திருக்காது.

அன்று பிற்பகல் சித்தன்னவாசல். அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரையின் விதானத்தில் தாமரைக் குள ஓவியம் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். கழுத்தை நிமிர்த்திக் கால்மணி நேரம் பார்த்த பிறகுதான் பூ பறிக்கிறவர்களைச் சுற்றி நீந்தும் மீன்களும், வாத்துகளும், குளத்தில் இறங்கிய யானையும் எருமையும் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. நிறம் நிறையவே மங்கிவிட்டது. அதை நேரில் பார்க்கும்போது நெஞ்சு வலிக்கிறது. பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் குடைவரையின் அர்த்தமண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபமும் எடுப்பித்தான் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. அழிந்து வருவதைக் காப்பாற்ற ஒருவர் முன்வரும் வழக்கம் அன்றே இருந்திருக்கிறது என்பதை நம் உறுப்பினர்கள் மனத்தில் கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை இங்கே எழுதுகிறேன்.

குன்றின் மேலே ஏழடிப்பட்டம் என்ற குகை. வழவழப்பாக இழைத்த கற்படுக்கைகளும், அவற்றில் ஒன்றில் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டும் இருக்கின்றன. எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி என்ற துறவிக்காகச் சிறுபாவில் இளையர் என்பவர் அமைத்துக் கொடுத்த இருக்கை அது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு படுக்கையில் துறவியின் பெயரும், பிறந்த ஊரின் பெயரும், செய்து கொடுத்தவர் பெயரும் சேர்ந்தே கிடைக்கின்றன. முட்டிவலிக்காரர்கள் கீழேயே உட்கார்ந்துகொண்டார்கள். மேலே போனவர்கள் இறங்கி வந்து அவர்களுக்கு எல்லாவற்றையும் விவரித்தார்கள். இனி வரும் பயணங்களிலும் இந்த ஏற்பாட்டைத் தொடர விரும்புகிறேன்.

அடுத்து, நம் ஊர் நடை. ஞாயிற்றுக்கிழமை விடியலில் மலைக்கோட்டையைச் சுற்றி நடத்தும் இந்த நடைக்குத்தான் புதியவர்கள் அதிகம் வருகிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட உச்சிப்பிள்ளையாரை நோக்கி ஏறும் வழியில் இருக்கும் பல்லவர் குடைவரையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் குடைவித்தது. கருவறைக்கு எதிர்ச்சுவரில் கங்காதரர் நிற்கிறார். விழும் கங்கையை ஏற்க ஒரு சடைப்புரியைக் கையில் பிடித்திருக்கிறார். அருகில் உள்ள வடமொழிக் கல்வெட்டின் பொருளை நம் வழிகாட்டி சொன்னபோது எல்லாரும் திரும்பிக் காவிரி இருக்கும் திசையைப் பார்த்தார்கள். சிவனுக்கு நதிகள் மேல் பிரியம் அதிகம். காவிரியைக் கண்டு மயங்கிவிடுவானோ என்று ஐயுற்ற மலைமகள், பிறந்த வீட்டை விட்டுவிட்டு இந்த மலைக்கே வந்து தங்கிவிட்டாள். இந்த ஆறு பல்லவனுக்கு உரியவள் என்று அவளே சொல்லிக்கொண்டிருக்கிறாள். சோழர் பூமியை எனது என்று சொல்ல ஒரு பல்லவ அரசன் பிடித்த கவித்துவமான வழி இது. அரசியலை இத்தனை அழகாகச் சொன்ன கல்வெட்டை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

மலையடிவாரத்தில் இருக்கும் கீழ்க்குடைவரை பாண்டியர் காலத்தது. சிவன் கருவறையும் திருமால் கருவறையும் நேருக்கு நேர் பார்க்கின்றன. பின்சுவரில் கணபதி, முருகன், பிரமன், சூரியன், கொற்றவை. இதைத் தேடி வருகிறவர்கள் மிகக் குறைவு.

நடையின் இன்னொரு பாதை நத்தர்வலி தர்காவிலிருந்து தொடங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தக் கோட்டைக்காகச் சண்டையிட்ட சந்தா சாகிப்பும், அவரை எதிர்த்த நவாப் முகமது அலி வாலாஜாவும் ஒரே தர்காவில் அடக்கம். பாதையின் மறுமுனையில் தூய யோவான் ஆலயம். 1826 ஏப்ரல் 3ஆம் தேதி திருச்சியில் குளிக்கும்போது இறந்துபோன பேராயர் ஹீபரின் கல்லறை அங்கே இருக்கிறது. இடையில் தெப்பக்குளமும், கோட்டை மதிலில் எஞ்சி நிற்கும் மெயின் கார்டு கேட்டும். கடைகளின் பெயர்ப்பலகைகளுக்கு நடுவே அந்த வாயிலை நிமிர்ந்து பார்க்க நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் பல ஆயிரம் பேர் அதன் வழியே போகிறார்கள்.

தொழிற்கூடப் பயணங்களில் பொன்மலைக்கு முதலிடம் கொடுக்க வேண்டும். தென்னிந்திய ரயில்வே தன் பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து இங்கே மாற்றியது. 1928 முதல் பொன்மலை இயங்கி வருகிறது. நீலகிரி மலை ரயிலுக்கான நீராவி எஞ்சின்களை, சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பழைய எக்ஸ் வகை எஞ்சின்களின் மாதிரியில், நம் பொன்மலைத் தொழிலாளர்களே புதிதாகக் கட்டியிருக்கிறார்கள் என்பது திருச்சிக்காரர்கள் பலருக்கே தெரியாது. அந்தப் பாதை ஏறத்தாழ பன்னிரண்டடிக்கு ஓரடி உயர்கிறது. வெறும் சக்கரம் வழுக்கிவிடும். நடுவில் இருக்கும் பல் தண்டவாளத்தை எஞ்சினின் பல் சக்கரம் பற்றிக்கொண்டு ஏறுகிறது. உரிய அனுமதி பெற்று உள்ளே போனபோது, அங்கே பிட்டராக வேலை செய்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் உடன் வந்தார். பாய்லருக்குள் நெருப்பின் சூட்டுக்காற்று குழாய்களின் உள்ளே ஓடுகிறது, தண்ணீர் அந்தக் குழாய்களைச் சுற்றி நிற்கிறது என்பதை அவர் கைவிரல்களையே குழாயாக வைத்து மாணவர்களுக்குக் காட்டினார். குழாயின் முனையைத் தகட்டோடு கசிவில்லாமல் விரித்துப் பொருத்துவதுதான் வேலையிலேயே கடினம் என்றார். பல்லாண்டு அதைச் செய்தவர் சொல்லிக் கேட்பதற்கு ஈடான விளக்கப்பலகை எதுவும் கிடையாது.

பொன்மலை என்றால் எஞ்சின் மட்டுமில்லை. 1946 செப்டம்பர் 5ஆம் தேதி வேலைநிறுத்தத்தில் இருந்த ரயில்வே தொழிலாளர்கள் மீது மலபார் சிறப்புப் போலீசார் சுட்டதில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். அந்தத் தியாகிகளின் நினைவிடத்துக்கும் போய் மரியாதை செலுத்தினோம். தொழிற்கூடத்தைப் பார்க்கப் போகிறவர்கள் அங்கே உழைத்தவர்களின் வரலாற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது இந்த மன்றத்தின் நிலைப்பாடாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செட்டிநாட்டு ஆத்தங்குடிக்குப் போனது ஆண்டின் பிற்பாதியில். டைல்ஸ் செய்யும் கூடம் ஒன்றில் ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார அனுமதித்தார்கள். சூளை இல்லை, நெருப்பு இல்லை. தொழிலாளி ஒரு கண்ணாடித் தகட்டைத் துடைத்து வைக்கிறார். அதன் மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவத்தில் வளைத்த உலோக அச்சு. அச்சின் ஒவ்வோர் அறையிலும் நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பைச் சிறு கரண்டியால் ஊற்றுகிறார். சிவப்பு, மஞ்சள், பச்சை. பிறகு அச்சை நேராக மேலே தூக்குகிறார். கை சற்று நடுங்கினாலும் நிறங்கள் கலந்துவிடும். அவருடையது நடுங்கவில்லை. ஈரத்தை உறிஞ்ச உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன் மேல் கலவையை நிரப்பி மட்டம் தட்டுகிறார். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறுகிறது. கடைசியில் கண்ணாடி கழன்று வரும்போது அதன் பளபளப்பு கல்லின் முகத்தில் இருக்கிறது. தேய்க்கத் தேய்க்க அந்தப் பளபளப்பு கூடும் என்று சொன்னார்கள்; அங்கே பழைய வீடு ஒன்றின் முற்றத்தில் நடந்தபோது அதைக் காலாலேயே உணர்ந்தோம்.

இயந்திரத்தில் வரும் டைல்ஸ் இருக்கும்போது இதை யார் வாங்குவார்கள் என்று உறுப்பினர் ஒருவர் கேட்டார். அச்சைத் தூக்கிக்கொண்டிருந்தவர் வேலையை நிறுத்தாமல், இதை விரும்புகிறவர்கள் தேடி வருகிறார்கள், பழகிக்கொள்ளத்தான் பிள்ளைகள் வருவதில்லை என்று பதில் சொன்னார். அதைச் செயற்குழு தனியாக விவாதித்தது. பயணக் கட்டணத்தில் ஒரு பகுதியை, நாம் பார்க்கச் செல்லும் கைத்தொழில் கூடத்துக்கே, அவர்கள் செலவிடும் நேரத்துக்கு ஈடாகக் கொடுப்பது என்று முடிவாகியிருக்கிறது. ஒரு காலை முழுவதும் பத்து இருபது பேர் சுற்றி நின்றால் அன்றைய கல் எண்ணிக்கை குறைகிறது. அந்த இழப்பை உழைப்பவர் சுமக்கக் கூடாது.

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் இருக்கும் கல்மரப் பூங்காவுக்கு மாணவர்களை மட்டும் அழைத்துப் போனோம். ஏறத்தாழ பதினெட்டு மீட்டர் நீளத்தில் கல்லாகிப் படுத்திருக்கும் அந்த மரம் பன்னிரண்டு கோடி ஆண்டுப் பழமையானது. அந்தப் பகுதியில் அன்று கடல் இருந்தது என்பதைப் பிள்ளைகள் நம்ப மறுத்தார்கள். ஆசிரியர் உறுப்பினர் பொறுமையாக விளக்கினார்.

எல்லாம் எண்ணியபடி நடக்கவில்லை. மாதக்கணக்கில் கடிதம் எழுதி அனுமதி வாங்கியிருந்த ஓர் ஆலை, புறப்படுவதற்கு முந்தைய மாலை ‘பிறகு பார்க்கலாம்’ என்று தொலைபேசியில் சொல்லிவிட்டது. வேன் முன்பணம் போனது; விடுப்பு எடுத்த உறுப்பினர்களின் நாளும் போனது. ஆலைகளுக்குப் பாதுகாப்பு விதிகள் உண்டு, அவற்றை நாம் மதிக்கிறோம். வாக்குக் கொடுத்துவிட்டு ஒரு வரியில் கைவிடுவதை மட்டும் ஏற்க முடியவில்லை. இனி ஒவ்வொரு ஆலைப் பயணத்துக்கும் மாற்று இடம் ஒன்றை முன்கூட்டியே வைத்திருப்போம். பெண் உறுப்பினர்கள் எழுத்தில் கொடுத்த புகாரையும் பதிவு செய்கிறேன்: நாம் போன சில இடங்களில் கழிப்பறை பயன்படுத்தும் நிலையில் இல்லை. பயண ஏற்பாட்டாளர் முதலில் இதை விசாரித்துவிட்டுத்தான் தேதி குறிக்க வேண்டும்.

மன்றத்தின் முன்னாள் தலைவர் ஒருவர் இவ்வாண்டு மறைந்தார். ஞாயிறு நடையைத் தொடங்கி வைத்தவர் அவரே. அவருடைய குடும்பத்தார், அவர் சேர்த்து வைத்திருந்த கல்வெட்டுக் குறிப்பேடுகளை மன்ற நூலகத்துக்கு வழங்கியிருக்கிறார்கள். பொதுக்குழு எழுந்து நின்று அஞ்சலி செலுத்துமாறு வேண்டுகிறேன். குறிப்பேடுகளைக் கணினியில் ஏற்ற இளைய உறுப்பினர்கள் முன்வர வேண்டும். சில பக்கங்களில் மை வெளிறிக்கொண்டிருப்பதால் இது அவசரம்.

வரும் ஆண்டுக்குக் கொடும்பாளூர் மூவர் கோயிலையும், சுவாமிமலை வார்ப்புச் சிற்பக் கூடம் ஒன்றையும், கீழடி அருங்காட்சியகத்தையும் செயற்குழு முன்மொழிகிறது. கீழடிக்கு மட்டும் இரவு தங்கல் தேவைப்படும். சுவாமிமலையில் மெழுகுச் சிலை செய்வதையும் உலோகம் ஊற்றுவதையும் ஒரே நாளில் பார்க்க முடியாது. ஆகவே இரண்டு முறை போகலாம் என்பது என் தனிப்பட்ட விருப்பம். பொதுக்குழு முடிவு செய்யட்டும். அருங்காட்சியகங்களின் வார விடுமுறை நாளைத் தேதி குறிப்பவர்கள் நினைவில் கொள்ளவும்.

முன்கூட்டங்களில் பேசிய உறுப்பினர்களுக்கும், கூட்டம் நடத்த அறை தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், அருங்காட்சியகப் பணியாளர்களுக்கும், பொன்மலையிலும் ஆத்தங்குடியிலும் தங்கள் வேலை நேரத்தை நமக்குத் தந்த தொழிலாளர்களுக்கும் மன்றத்தின் நன்றி. இவ்வறிக்கையை விவாதித்து ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்