ஓவியங்களை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய ஆங்கில நாவல்களின் மறுபதிப்புகள் பலவற்றில் மூல ஓவியங்களை எடுத்துவிடுகிறார்கள். இது பெரிய இழப்பு. வில்லியம் தாக்கரே எழுத்தாளர் மட்டுமல்ல, தன் நூல்களுக்குத் தானே படம் வரைந்தவர்.

1840இல் வெளிவந்த பாரிஸ் பற்றிய அவருடைய நூலில் ஒரு படம் உண்டு. ஒரே சட்டகத்தில் மூன்று உருவங்கள். முதலாவது, ஆளே இல்லாமல் நிற்கும் அரச அங்கி. அதன் மேல் பெரிய பொய்முடி, கீழே குதிகால் உயர்ந்த காலணி. நடுவில் வழுக்கைத் தலையும் தொந்தியுமாக, கைத்தடி ஊன்றிய குள்ளக் கிழவர். மூன்றாவதில் அதே கிழவர் அந்த அங்கிக்குள் புகுந்து பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியாக நிமிர்ந்து நிற்கிறார். பகட்டின் சூட்சுமம் முழுவதையும் இதைவிடப் பச்சையாகச் சொல்ல எத்தனை பக்கம் எழுதினாலும் போதாது! யாரோ ஒட்டிய அலங்காரமல்ல இது. எழுத்தின் ஒரு பகுதி.

தாக்கரே மறைந்தது 1863இல். காப்புரிமைச் சிக்கல் எதுவும் இல்லை. பதிப்பாளர்கள் இனியாவது அவர் வரைந்த படங்களை அவற்றுக்குரிய பக்கங்களிலேயே அச்சிட வேண்டும். மொழிபெயர்ப்புகளுக்கும் இது பொருந்தும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்