துருவம் புரண்டால் கொழும்பு கேட்குமா?

சுங்கை சிப்புட், மலேசியா

அன்பு மணியம்,

முட்டிக்கால் ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாய் என்று உன் மகள் சொன்னாள். படுத்துக் கிடக்கிறவன் கையில் போனைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நீ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியே சாட்சி. பூமியின் காந்த முனைகள் தலைகீழாகப் புரளப் போகின்றனவாம், இன்னும் இரண்டே வருஷத்தில் ரேடியோ, போன் எல்லாம் ஊமையாகிவிடுமாம், போதாக்குறைக்குப் பத்துப் பேருக்கு அனுப்பு என்று கடைசியில் ஒரு வரி. ஆனால் அதற்குக் கீழே நீ எழுதிய கேள்வி நல்ல கேள்வி. "நாப்பது வருஷம் ரேடியோ ரிப்பேர் பண்ணவன் நீ, இது நெசமா?" போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் அந்த இரண்டு வருஷத்தைத் தூக்கிக் குப்பையில் போடு. முனைகள் புரள்வது உண்மைதான், பலமுறை புரண்டிருக்கின்றன, பழைய எரிமலைப் பாறைகளில் அந்தத் தடம் அப்படியே உறைந்து கிடக்கிறது. கடைசியாகப் புரண்டது ஏறக்குறைய 7 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு. ஒரு தடவை புரண்டு முடியவே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். நம் தோட்டத்தில் கித்தா (ரப்பர்) மரங்களைச் சாய்த்து, செம்பனை நட்டு, அப்புறம் அதையும் பிடுங்கி, தொழிலாளர் குடியிருந்த லயத்தை இடித்து, இப்போது அங்கே தாமான் வீடுகள் வரிசையாக நிற்கின்றனவே, அதெல்லாம் நம் கண் முன்னாலேயே நடந்து முடிந்துவிட்டது. பூமிக்கு அந்த அவசரம் கிடையாது.

செய்தி எழுதியவன் எங்கே குழம்பினான் என்றும் தெரிகிறது. 1831இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் என்ற பிரிட்டிஷ் கடற்பயணி வட காந்த முனையைக் கனடாவின் வடகோடியில் கண்டுபிடித்தார். அது நின்ற இடத்தில் நிற்காது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வருஷத்துக்கு 50 கிலோமீட்டர் கணக்கில் சைபீரியா பக்கம் ஓடியது. கடந்த 200 ஆண்டுகளில் காந்தப்புலமும் கிட்டத்தட்ட 9 சதவீதம் இளைத்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டான். முனை நடப்பது வேறு, புரள்வது வேறு. மாடு மேய நகர்ந்தால் கட்டுத்தறியைப் பிடுங்கிவிட்டது என்றா சொல்வோம்?

சரி, ரேடியோவுக்கு வருகிறேன். உங்கள் அப்பாவின் அந்த டிரான்சிஸ்டர் ஞாபகம் இருக்கிறதா, பின்மூடி நிற்காமல் பால்வெட்டுக் கொட்டகையில் பொறுக்கிய ரப்பர் துண்டால் கட்டி வைத்திருப்போமே, பேட்டரி தீர்ந்தால் தகரக் கூரை மேல் வெயிலில் காயவைப்போமே? லயத்துக் கூரையிலிருந்து பலா மரம் வரை நாம் செம்புக் கம்பி இழுத்துக் கட்டிய அன்று, இடி விழுந்தால் மொத்த லயமும் எரியும் என்று தோட்டத்து மேற்பார்வை மண்டோர் கத்தினார். அன்று பொழுது சாய்ந்ததும் கொழும்பு வானொலி கணீரென்று கிடைத்தது. கொஞ்ச நேரம்தான். விளக்கு வைத்துச் சாப்பிட உட்காரும் நேரத்துக்கெல்லாம் பாட்டு கிடுகிடுவென்று நடுங்க ஆரம்பித்துவிடும், தண்ணீருக்குள் முக்கி எடுத்த குரல் மாதிரி. பாடுகிறவனுக்குக் குளிர் ஜுரம் என்பாள் உன் பாட்டி. நான் கண்டன்சர் போய்விட்டது என்று கழற்றி மாட்டி, மிச்சமிருந்த சத்தத்தையும் கெடுத்தேன்.

கண்டன்சர் மேல் தப்பே இல்லை, மணியம். அது நாம் இருந்த இடத்தின் வேலை. சிற்றலை, அதாவது ஷார்ட் வேவ், தூரதேசத்திலிருந்து வருவது வானத்தில் பட்டுத் திரும்பித்தான். மேலே சுமார் 100 கிலோமீட்டரிலிருந்து 300, 400 கிலோமீட்டர் வரைக்கும் மின்னேறிய காற்று அடுக்கடுக்காக இருக்கிறது, அயனி மண்டலம் என்பார்கள். அந்த அடுக்கைச் செய்வது சூரிய வெளிச்சம், காந்தம் அல்ல. காந்தம் அதை வாரிச் சீவி வகிடு எடுக்கிறது, அவ்வளவுதான். அந்த வகிடு எங்கே போகிறது தெரியுமா? காந்த ஊசி எந்தப் பக்கமும் தலை சாய்க்காமல் மட்டமாக நிற்கிற ஒரு கோடு இருக்கிறது, காந்த நடுக்கோடு. அது தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டி, தாய்லாந்தின் தென்பகுதி வழியாக, நமக்குச் சற்று வடக்கே போகிறது. 1963இல் இந்தியா ராக்கெட் விட்ட கேரளத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததே இந்தக் கோட்டை மனதில் வைத்துத்தான். கொழும்பிலிருந்து நம் லயத்துக்கு வந்த அலை ஏறக்குறைய இந்தக் கோட்டின் ஓரமாகவே நடந்து வந்திருக்கிறது.

கோட்டுக்கு மேலே இருட்டியதும் ஒரு கூத்து நடக்கும். சூரியன் போனதும் கீழடுக்கு சீக்கிரம் கரைந்துவிடும், மேலடுக்கோ இன்னும் மேலே தூக்கப்படும். கனமானது மேலே, லேசானது கீழே. தண்ணீருக்கு அடியில் எண்ணெயை விட்டால் சும்மா இருக்குமா? குமிழ் குமிழாகக் கிளம்பும். அந்தக் குமிழ்களுக்கு நடுவே புகுந்து வருகிற அலை சிதறித்தான் வரும், குரல் நடுங்கும். இன்றைக்கும் அதே குமிழ்கள் ஜிபிஎஸ் சிக்னலைக் கலைக்கின்றன. பாட்டிக்கு மட்டும் இது தெரிந்திருந்தால், பாடுகிறவனுக்குச் சுக்குக் காப்பி சிபாரிசு செய்வதை விட்டிருப்பாள்.

இப்போது உன் கேள்வி. முனைகள் முழுதாகப் புரண்டு, பழைய பலத்தோடு நின்றுவிட்டன என்று வைத்துக்கொள். ரேடியோவுக்கு ஒன்றும் ஆகாது. காம்பஸ் ஊசியின் வடக்கு நுனி தெற்கே காட்டும், அயனி மண்டலத்தில் அலை எந்தப் பக்கம் முறுக்கிக்கொண்டு போகுமோ அதற்கு எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொள்ளும். வீட்டு ரேடியோவுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. ஆபத்தெல்லாம் நடுவில் இருக்கிற அந்தச் சில ஆயிரம் ஆண்டுகளில்தான். 41,000 ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை முனைகள் புரளப் போய், மறுபடி பழைய இடத்துக்கே திரும்பின. பிரான்ஸில் லாஷாம் என்ற ஊரின் எரிமலைப் பாறையில் அதைக் கண்டுபிடித்தார்கள். அப்போது காந்தப்புலம் இன்றிருப்பதில் பத்தில் ஒரு பங்குக்குக்கூட இறங்கியிருக்கலாம் என்கிறார்கள். அப்படி இளைத்தால் வேலி போன தோட்டம்தான். இன்றைக்குச் சூரியன் துப்புகிற புரோட்டான்கள் என்ற மின்னேறிய துகள்கள் காந்தப்புலத்தால் துருவப் பக்கம் ஒதுக்கப்படுகின்றன, அங்கே தாழ்ந்த அடுக்கில் புகுந்து சிற்றலையை விழுங்கிவிடுகின்றன; வடதுருவம் வழியாகப் பறக்கும் விமானங்கள் அந்த நாட்களில் சிற்றலைத் தொடர்பை இழப்பதுண்டு. வேலி இல்லாவிட்டால் அதே கூத்து நம் ஊர்வரைக்கும் வரும், ஒவ்வொரு பெரிய சூரியப் புயலுக்கும் சிற்றலை நாள்கணக்கில் செத்துக்கிடக்கும்.

இரண்டு முனை என்பது போய் நாலைந்து முனைகள் ஆங்காங்கே முளைக்கலாம். அதில் ஒன்று சுங்கை சிப்புட் தலைக்கு மேலேயே வந்து நின்றால், பசார் மாலாம் இரவுச் சந்தையில் அப்பம் பாலிக் வாங்க நிற்கிறவன் அண்ணாந்து துருவ ஒளி பார்ப்பான். நடுக்கோடும் இடம்பெயரும். நம் குமிழ்களும் அதன் பின்னாலேயே போய்விடும், வேறு யாரோ ஒரு பாட்டி பாடுகிறவனுக்குக் குளிர் ஜுரம் என்பாள்.

நம் தமிழ் வானொலி மின்னல் எஃப்எம் போய்விடுமா என்று பயப்படாதே. எஃப்எம் அலை வானத்தில் பட்டுத் திரும்புவதில்லை, கோபுரத்திலிருந்து நேரே உன் ஆண்டெனாவுக்கு வருகிறது. கைப்பேசிக் கோபுரமும் அப்படித்தான். அடிபடுவது செயற்கைக்கோள்கள். தென் அட்லாண்டிக் கடலுக்கு மேலே இப்போதே புலம் மெலிந்த ஒரு பகுதி இருக்கிறது, ஹபிள் தொலைநோக்கி அதைக் கடக்கும்போது படம் எடுப்பதை நிறுத்திக்கொள்ளும். பூமி முழுக்க அப்படி ஆனால் யோசித்துப் பார். அப்புறம் கரண்டு. 1989 மார்ச்சில் ஒரு காந்தப் புயலில் கனடாவின் கியூபெக் மாகாணம் ஒன்பது மணி நேரம் இருட்டில் கிடந்தது. கரண்டு இல்லாவிட்டால் எஃப்எம் கோபுரம் நேரே நின்று என்ன பயன்? ஆக, அந்தச் செய்தியில் ஒரு கடுகு உண்மை இருக்கிறது, மிச்சமெல்லாம் தாளித்த சத்தம்.

என் ரேடியோ என்ன ஆச்சு என்று கேட்பாய். அதைக் கெடுத்தது பூமி இல்லை, பக்கத்து வீட்டு எல்இடி விளக்கு. அதைப் போட்டதும் சிற்றலை முழுக்க வண்டு பிடித்த மாதிரி இரைச்சல். கேட்கத்தான் என்ன இருக்கிறது, பிபிசி தமிழோசை 2017இல் சிற்றலையை நிறுத்திவிட்டது. ஒன்றொன்றாகப் போய்விட்டன. இருந்தாலும் ராத்திரியில் டயலைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் போகவில்லை, மருமகள் சிரிக்கிறாள்.

பங்குனி உத்திரத்துக்கு வருவேன் என்றாயே, கால் சரியானால் கட்டாயம் வா. அந்தக் குமிழ்கள் நம் பக்கம் அதிகம் கிளம்புவதும் பங்குனி, புரட்டாசி வாக்கில்தான். கோயிலிலிருந்து வந்ததும் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு மணி நேரம் விளக்கை அணைக்கச் சொல்கிறேன், நல்ல மனுஷன், கேட்பார். கம்பி கட்ட இங்கே பலா மரம் இல்லை, துணி காயப்போடும் கம்பம்தான். எட்டு மணிக்கு மேல் எந்த நாட்டுக்காரன் கிடைத்தாலும் சரி, நடுங்குகிறதா என்று கேட்டுப் பார்ப்போம்.

உன்
செல்வம்