பழுது எதுவென்று தெரியாமலே பாகம் மாற்றி வாங்கிய பணத்தைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர் அவர்கள்,
தலைமை அலுவலகம்.

அனுப்புநர்:
உங்கள் 2008 மாடல் டூ-சீட்டர் ஸ்போர்ட்ஸ் காரின் உரிமையாளர்,
கோயம்புத்தூர்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். என் வண்டியின் சேஸிஸ் நம்பரைத் தட்டினால் முழு சர்வீஸ் வரலாறும் வந்துவிடும் என்று உங்கள் ஆட்களே சொல்லியிருக்கிறார்கள். தட்டிப் பாருங்கள். கடைசி வரியில் ‘பிரச்சினை சரிசெய்யப்பட்டது, வாடிக்கையாளர் திருப்தி’ என்று இருக்கும். அது பொய். சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அப்புறம் நீங்களே நிரப்பிக்கொள்கிற வரி அது. எனவே உண்மையில் நடந்ததை நான் எழுதவேண்டியிருக்கிறது.

அந்த நான்கு சிலிண்டர் எஞ்சின் சூடான பிறகு ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது, 750 ஆர்பிஎம்மில் முள் அசையாமல் நிற்கவேண்டும். உங்கள் எஞ்சின், உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. என் வண்டியில் முள் 500-க்கும் 1,100-க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. லட்சுமி மில்ஸ் சிக்னலில் ஏசி போட்டுக்கொண்டு நின்றால் மாவு மில்லுக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். கண்ணாடியில் பின்னால் நிற்கிற டவுன் பஸ் இரண்டாகத் தெரியும். செகண்ட் கியரில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து ஊர்ந்தால் வெட்டி வெட்டி இழுக்கும். 2,500 ஆர்பிஎம்மைத் தாண்டிவிட்டாலோ ஒரு குறையும் தெரியாது.

இந்தக் கடைசி வாக்கியம்தான் முக்கியம். வாய் வலிக்க இதை உங்கள் சர்வீஸ் அட்வைசர்களிடம் சொல்லியிருக்கிறேன். யாரும் குறித்துக்கொள்ளவில்லை. ஜாப் கார்டில் எழுதியது ‘எஞ்சின் சவுண்ட்’.

முதலில் ஸ்பார்க் பிளக் என்றார்கள். சரி, தேயும் பொருள்தானே என்று ஒத்துக்கொண்டேன். அடுத்து, பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில். அதுவும் நான்கையும். எந்தக் காயில் போயிருக்கிறது என்று கேட்டால், “செட்டாத்தான் மேடம் மாத்துவோம்” என்று பதில். சந்தேகப்படுகிற காயிலைக் கழற்றிப் பக்கத்து சிலிண்டரில் மாட்டி, மிஸ்ஃபயரும் (சிலிண்டர் சரியாகப் பற்றாமல் போவது) கூடவே இடம் மாறுகிறதா என்று பார்க்கலாம். செலவில்லாத சோதனை. அதைச் செய்யவில்லை. உங்கள் ஸ்கேனர் கொடுத்த தாளிலேயே பி0300, பி0171 என்று இரண்டு பிழைக் குறியீடுகள் இருந்தன. முதலாவது, எந்த ஒரு சிலிண்டர் என்றில்லாமல் மாறி மாறி மிஸ்ஃபயர் ஆவதைச் சொல்வது. இரண்டாவது, கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று சொல்வது. இரண்டும் சேர்ந்து வந்தால் காற்று எந்த வழியாக உள்ளே போகிறது என்றல்லவா முதலில் தேடவேண்டும்? குறியீட்டைப் படித்துவிட்டு காயிலை விற்றிருக்கிறீர்கள்.

காயில் மாற்றி எடுத்துவந்த அன்று மாலையே பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

அப்புறம்தான் சென்னைப் படலம். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. இந்த மாடலைப் பார்க்கும் நிபுணர் சென்னைக் கிளையில்தான் இருக்கிறார், அப்பாயின்ட்மென்ட் போட்டாயிற்று என்று கோவைக் கிளையில் சொன்னார்கள். ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர். சேலம், உளுந்தூர்பேட்டை வழியாக, ஒவ்வொரு டோல்கேட் வரிசையிலும் எஞ்சின் நின்றுவிடாமல் இருக்க ஏசியை அணைத்து, பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் ஒன்றாக மிதித்துக்கொண்டு போனேன். அங்கே போனால் கேட்டில் செக்யூரிட்டி நிறுத்திவிட்டார். லிஸ்டில் என் பெயருக்கு நேரே வேறு மாடல். அதைச் சரிசெய்து உள்ளே விட்டதும், எஞ்சின் சூடாக இருக்கிறது, கோல்டு ஸ்டார்ட்டில்தான் பார்க்கமுடியும், வண்டியை விட்டுவிட்டு நாளைக்கு வாருங்கள் என்றார்கள். விட்டுவிட்டுப் போனேன். மறுநாள் காலை, பழைய மாடல்களுக்கான சாஃப்ட்வேர் லைசன்ஸ் முடிந்துவிட்டது, புதுப்பிக்க ஹெட் ஆபீஸுக்கு மெயில் போட்டிருக்கிறோம் என்றார்கள். ஹெட் ஆபீஸ் நீங்கள்தானே? அந்த மெயில் வந்ததா?

திரும்பி வரும்போது வண்டி பளபளவென்று இருந்தது. வாட்டர் வாஷ் அடித்து, டயருக்கு பாலிஷ் போட்டு, ‘இன்ஸ்பெக்‌ஷன் சார்ஜ்’ என்று ஒரு பில்லும் சீட்டின்மேல் வைத்திருந்தார்கள். எதை இன்ஸ்பெக்ட் செய்தீர்கள்?

சென்னைக்குப் போகும் முன்பே, எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் பாடியைக் கழற்றிச் சுத்தம் செய்ததாக ஒரு பில் இருக்கிறது. சுத்தம் செய்த பிறகு, கம்ப்யூட்டருக்கு ஐடில் அளவை மறுபடி கற்றுக்கொடுக்கும் ஐடில் ரீலேர்ன் செய்யவேண்டும். இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் பழைய கரிக்கணக்கை வைத்துக்கொண்டே பட்டாம்பூச்சி வால்வைத் திறக்கும். அதைச் செய்யாமல் கொடுத்ததால்தான் வண்டி பட்டறைக்குப் போகும்போது இருந்ததைவிட மோசமாகத் திரும்பி வந்தது. கேட்டதற்கு, “ஓட்ட ஓட்ட செட் ஆயிடும்.”

இனி உங்கள் கோவைக் கிளை அட்வைசரைப் பற்றி. பெயர் எழுதவில்லை, ஜாப் கார்டில் அவர் கையெழுத்து இருக்கிறது. காரின் கம்ப்யூட்டரைப் படிக்க உதவும் ஓபிடி போர்ட்டில் மாட்டுகிற சின்ன ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்றை வாங்கி, ஃபியூயல் டிரிம் எண்களை, அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்பதை, போனில் படம் பிடித்துக்கொண்டு போய்க் காட்டினேன். ஐடிலிங்கில் லாங் டெர்ம் டிரிம் +22 சதவீதம். 2,500-இல் பிடித்து நிறுத்தினால் +5. அவர் போனைக் கையில்கூட வாங்கவில்லை. “வீட்ல சார் இருந்தா அவரைப் பேசச் சொல்லுங்க மேடம், டெக்னிக்கலா விளக்கிடறேன்” என்றார். சுற்றிலும் நான்கைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். வண்டி என் பெயரில் இருக்கிறது, என் சம்பளத்தில் வாங்கியது, ஓட்டுவதும் நான். பதினைந்து வருஷம் முடிந்தபோது ஆர்டிஓ அலுவலகத்தில் நின்று ஆர்சியைப் புதுப்பித்ததும் நான்தான். இதைச் சொன்னதும், “அப்ப ஸ்கிராப்புக்குக் குடுத்துட்டு எங்க புது மாடல் ஒண்ணு பாருங்களேன்” என்று சிரித்தார். உங்கள் நிறுவனம் தயாரித்த காரைத்தான் அவர் குப்பை என்கிறார். உங்களுக்குக் கோபம் வரவேண்டாமா?

பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் என்ன செய்வேன் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். அதற்கு முன் இன்னும் இரண்டு விஷயம்.

காயிலும் பிளக்கும் வேலைக்கு ஆகவில்லை என்றதும் பெட்ரோல்மேல் பழி போட்டார்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்தான் காரணமாம். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு. எத்தனால் கலந்த பெட்ரோலுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றவேண்டியிருக்கும், உண்மைதான். ஆனால் அப்படியென்றால் டிரிம் எல்லா ஆர்பிஎம்மிலும் ஏறத்தாழ ஒரே அளவுதானே ஏறவேண்டும்? ஐடிலிங்கில் மட்டும் ஏன் எகிறுகிறது? சரி, நீங்கள் சொல்வதே நிஜம் என்று வைத்துக்கொள்வோம். 2023 ஏப்ரலுக்கு முன்பு வந்த வண்டிகள் இ20-க்காகச் செய்யப்பட்டவை அல்ல என்றால், என் மாடலின் ஹோஸ்களும் சீல்களும் தாங்குமா தாங்காதா என்று எழுத்தில் கேட்டேனே, அதற்கு இன்றுவரை பதில் எங்கே?

இதற்கும் மேல் ஃபியூயல் பம்ப்பை வேறு மாற்றினீர்கள். பம்ப் சோர்ந்துபோனால் மிதிக்க மிதிக்கத்தான் பெட்ரோல் போதாமல் திணறும். என் வண்டி மிதித்தால் நன்றாகப் போகிறது, நின்றால்தான் நடுங்குகிறது. பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்ததற்கு ஜாப் கார்டில் ஒரு எண்கூட இல்லை. ஒரு பம்ப் விலை என்னவென்று உங்களுக்குத் தெரியும், நான் எழுதி மனம் நோகவேண்டாம்.

கடைசியில் என்ன ஆயிற்று தெரியுமா? செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்குக்கு வண்டி தயார் செய்கிற ஒரு மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார், டிரிம் எண்களைப் பார்த்தார், “காத்து திருட்டு வழியில போகுதுங்க அம்மணி” என்றார். உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரைத் தாண்டி எங்கோ ஓட்டை. அந்தக் காற்றை சென்சார் கணக்கில் எடுக்காது. ஐடிலிங்கில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம் என்பதால் சின்ன ஓட்டையும் பெரிய பங்காகிவிடும், வேகத்தில் அது தெரியாது. இதை அவர் விளக்க இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. ஏர் இன்டேக்கை மூடிவிட்டுப் புகை மெஷினின் குழாயைச் செருகினார். கொஞ்ச நேரத்தில் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியிலிருந்து நூல் மாதிரி வெள்ளைப் புகை எழுந்தது. எஞ்சினுக்குள் சேரும் ஆவியைத் திரும்ப உள்ளிழுக்கும் பிசிவி ஹோஸ், வளைவு வருகிற அந்த இடம். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. விரலால் அமுக்கினால் ரப்பர் வாயைப் பிளக்கிறது. எண்ணெய்ப் பசையில் ஊறி உப்பிப்போன ரப்பர். அந்த வளைவு வெடிக்கும் என்பது உங்கள் பட்டறைகளுக்குத் தெரியாமல் இருக்காது.

சிலிக்கான் டேப்பைச் சுற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தார். முள் 750-இல் நின்றது. டிரிம் +4.

பிறகு உங்கள் பார்ட்ஸ் கவுன்ட்டரில் அந்த ஹோஸைக் கேட்டால், தனியாக வராது, மேனிஃபோல்டு அசெம்பிளியோடுதான் வாங்கவேண்டும் என்கிறார்கள். ஒரு சாண் ரப்பர் குழாய்க்காக முழு மேனிஃபோல்டா? டேப் எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாமல் வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் நான் எப்படி ஏறுவது? இந்தக் காரை வாங்கியதே அதற்காகத்தான்.

உங்கள் கார்மீது எனக்கு இன்னும் மரியாதை இருக்கிறது. அதனால்தான் நேராகக் கோர்ட்டுக்குப் போகாமல் உங்களுக்கு எழுதுகிறேன். தயவுசெய்து இவற்றைச் செய்யுங்கள்: காயில், த்ராட்டில் பாடி, ஃபியூயல் பம்ப், சென்னை இன்ஸ்பெக்‌ஷன் ஆகியவற்றுக்கு வாங்கிய பணம் முழுவதும் திரும்ப வரவேண்டும். ஸ்பார்க் பிளக் போகட்டும், விட்டுவிடுகிறேன். அந்த ஹோஸ் தனியாக வந்து சேரவேண்டும். அட்வைசர் எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்கவேண்டும். சென்னைப் பயணத்துக்கும், வீணான லீவுகளுக்கும், இந்த வருஷம் முழுவதும் போன என் தூக்கத்துக்கும் சேர்த்து மூன்று லட்சம் ரூபாய் நஷ்டஈடு. தூக்கத்துக்கு விலை போடமுடியாது என்பீர்கள். நான் போட்டுவிட்டேன்.

பதினைந்து நாள். அதற்குள் பதில் இல்லையென்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவாகும், அதோடு நிற்காது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் நான் குடியிருக்கும் கோவை மாவட்ட ஆணையத்திலேயே மனுப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பில்கள், ஸ்கேன் தாள், புகை வரும் வீடியோ எல்லாம் ஃபைலில் தயார்.

யாராவது என்னிடம் பேசவேண்டும் என்றால் பேசலாம், நானும் மரியாதையாகவே பேசுவேன். அந்த அட்வைசரை மட்டும் பேசவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் (இன்னும்)

பி.கு.: கழற்றிய பழைய காயில்கள் நான்கும் எனக்கு வேண்டும். அவற்றில் ஒரு கோளாறும் இல்லை. ‘ஸ்கிராப்பில் போட்டாச்சு’ என்பதுதான் பதில் என்றால், அவற்றின் விலையையும் மேலே சொன்ன கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.