அக்கா, அந்த சென்ட் பாட்டில் என்னிடமே இருக்கட்டும்

அக்கா,

அம்மாவின் முதலாம் ஆண்டு பூசைக்குப் புதுச்சேரி சம்பா கோயிலில் சொல்லிவிட்டேன். நீ போனில் அம்மாவின் சென்ட் பாட்டிலைக் கேட்டதற்கு அன்று "பார்க்கலாம்" என்றேன். இப்போது முடிவு பண்ணிவிட்டேன். பாட்டிலை அனுப்பப் போவதில்லை. கோபப்படாதே. பட்டாலும் முழுசாகப் படித்துவிட்டுப் படு.

இங்கே நம் சொந்தக்காரர்களும் படிக்கிறார்கள். அதனால் வீடு, நகை பற்றி எழுதமாட்டேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சென்டைப் பற்றி மட்டும். மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை: அந்த சென்டின் பெயர் அப்ரே லோந்தே, 1906இல் பாரிஸில் ழாக் கெர்லேன் என்ற சென்ட் தயாரிப்பாளர் செய்தது. வயலட், ஐரிஸ், ஹீலியோட்ரோப் என்ற பூச்செடிகளின் மணம், கொஞ்சம் சோம்பு. போட்டவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தால்தான் தெரியும்.

நீ பாரிஸுக்குத் திரும்பக் கிளம்பும் அன்று, வாங்கி வந்த அந்த சென்டை அம்மாவின் மணிக்கட்டில் அடித்துவிட்டாய். "பவுடர் வாசனைதானே வருது, இதுக்கா இவ்வளவு காசு?" என்றாள். உன் முகம் சுருங்கிப்போனது. பாட்டிலை மூடி பீரோவுக்குள் வைத்துவிட்டு ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிவிட்டாய்.

அதற்கு அப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. தலையில் இருந்த மல்லிகையை எடுத்து வைத்துவிட்டு அம்மா திண்ணைக்கு வந்தாள். கரண்ட் இல்லை. விசிறிக்கொண்டிருந்தவள் சட்டென்று கையை நிறுத்தி மணிக்கட்டை முகர்ந்தாள். "ஏய், இப்பதான்டி வருது." நானும் முகர்ந்து பார்த்தேன். சோம்பின் வாடை போயிருந்தது. ஊறவைத்த பாதாம் பருப்பைத் தோல் உரிக்கும்போது வருமே, அந்த மாதிரி ஒரு மணம். அதற்கு அடியில் ஈர மண்ணும் வேரும். "போயிடுச்சு" என்பாள். கொஞ்ச நேரத்தில் "இல்ல, இருக்கு" என்பாள். படுக்கப் போகும்வரை இதே வேலை.

வயலட் மணம் தருகிற அயனோன் என்ற வேதிப்பொருளின் குணம் அது. மூக்கைச் சற்று மரத்துப்போக வைத்து, மறுபடி விடும். ஐரிஸில் பூவை விட்டுவிட்டுக் கிழங்கைத்தான் எடுக்கிறார்கள். தோண்டிய உடனே அதில் அந்த மணம் இருக்காது. தோல் சீவிக் காயவைத்து வருஷக்கணக்கில் போட்டு வைத்தால்தான் வரும். ஹீலியோட்ரோப் மணம் தருகிற ஹீலியோட்ரோபினை நம் மிளகில் இருக்கும் பைப்பரினிலிருந்தும் செய்யலாம் என்று படித்த அன்று, இதைச் சொல்ல அம்மா இல்லையே என்று அழுதுவிட்டேன். எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள்!

இப்படிப்பட்ட ஒன்றைப் பத்து நிமிஷத்தில் எடைபோடலாமா? அம்மாவையும் நீ அப்படித்தான் எடைபோட்டாய். "அவங்களுக்கு எது வாங்கினாலும் பிடிக்காது" என்று ஒருவரிடம் சொல்லியிருக்கிறாய். பெயர் வேண்டாம், அவரும் இதைப் படிப்பார்.

உன்மேல் முழுப் பழியையும் போடமாட்டேன். உனக்கு டூட்டி, பிள்ளைகள், கிடைக்காத லீவு. ஆஸ்பத்திரிச் செலவு உன் பணத்தில்தான் ஓடியது, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ராத்திரியில் பக்கத்தில் படுத்தவள் நான். அம்மாவின் புடவை மடிப்பில் மறுநாளும் அந்த மணம் இருந்தது எனக்குத்தான் தெரியும்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பாய். "அவகிட்ட சொல்லாத, இன்னொண்ணு வாங்கிடுவா" என்றாள் அம்மா. உன் காசு வீணாகக் கூடாது என்று அவளுக்குக் கவலை. அதனால் வாயைத் திறக்கவில்லை. இவ்வளவு நாள் நீ மனத்தாங்கலோடு இருந்திருப்பாய். அதற்கு மன்னித்துக்கொள்.

பாட்டிலில் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். பூசையன்று போட்டுக்கொள்ளப் போகிறேன். பாரிஸில் ஷான்ஸெலிசே தெரு 68ஆம் எண்ணில் இருக்கும் கெர்லேன் கடை உனக்கு மெட்ரோவில் போகிற தூரம்தான். அங்கே கேட்டுப் பார். கிடைத்தால் கடையில் மணம் பார்க்கத் தரும் அட்டையில் முகர்ந்துவிட்டு வந்துவிடாதே, கையில் அடித்துக்கொண்டு வேலைக்குப் போ.

டிக்கெட் கிடைத்தால் வா அக்கா. உன் கையிலும் நானே அடித்துவிடுகிறேன். பாட்டிலை மட்டும் கேட்காதே.

உன் தங்கச்சி